மிஷினுக்கும் ஒரு பாடு

“உனக்கு ஏதும்மா பாடு? பொம்பளப் புள்ளைக்கெல்லாம் எப்பலேர்ந்து பாடு வந்துச்சு?”

என் சித்தப்பா ஒரு நாள் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். பதில் சொன்னது எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் என் தாய்மாமன் இல்லை. ஆனால் அந்த வரிசையில் எல்லோருக்கும் அவர் மாமா. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், “எம் பேரப் போட்டியே, பக்கத்து வூட்டுக்காரன் பேர ஏன் வுட்ட?” என்று கேட்பார். அவர் பேரைப் போட்டால் அதற்கடுத்த வீடு. இப்படியே குப்பம் முழுக்க எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் குப்பம் கோட்டைக்குப்பத்தை அடுத்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களில் யார் வேண்டுமானாலும் போய் வலை கட்டிவிட முடியாது. முறை உண்டு. இன்றைக்கு இந்தக் கூட்டம் என்றால் நாளைக்கு அடுத்த கூட்டம். நல்ல இடம், மோசமான இடம் எல்லாம் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். அதற்குப் பெயர்தான் பாடு. தன் பாடு இல்லாத நாளில் ஒருவன் அங்கே வலையோடு போக மாட்டான். பாடு ஆம்பிளைகளுக்கு மட்டும்தான்.

எல்லோரும் ஏரியில் வைத்துக்கொண்டதை மாமா எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போவார்.

நான் பொன்னேரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது சில நாள் அவரும் அதே பஸ்ஸில் வருவார். பழவேற்காட்டில் ஏறுவதால் அவருக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். பஸ் திருப்பாலைவனம் வந்ததும் எழுந்துவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளின் தோளைத் தட்டி, “எம் பாடு முடிஞ்சிது, நீ ஒக்காரு” என்பார். பாதி வழி அவருக்கு, பாதி வழி அடுத்தவருக்கு. ஒரு முறை இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை போட்ட ஒருவர், சீட்டில் ஏதோ கொட்டிக் கிடக்கிறது போல என்று குனிந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது மாமா நின்றுகொண்டு வந்தால், திருப்பாலைவனத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்ப்பார். அவர் எழுந்திருக்க மாட்டார். மாமாவுக்குக் கோபம் வராது. “அவருக்குத் தெரியாது, பாவம்” என்று என்னிடம் சொல்வார்.

அத்தை உயிரோடு இருந்தபோது அவர்கள் வீட்டுச் சண்டைக்கும் முறை இருந்தது. அத்தை ஒரு நாள் திட்ட ஆரம்பித்தால் மாமா வாயைத் திறக்க மாட்டார். கேட்டால், “இன்னிக்கு அவ பாடு” என்பார். மறுநாள் அவர் முறை வரும். எதற்காகத் திட்ட வேண்டும் என்பது அதற்குள் அவருக்கு மறந்துபோயிருக்கும். அத்தை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அத்தை போன பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் போனது, மிஷின் வரும் வரைக்கும்.

மிஷினைக் கொண்டுவந்தவர் மாமாவின் மருமகன். சென்னையில் ஃப்ளாட்டில் இருந்தார். கிரிப்டோ காசு எடுக்கும் மிஷின் அது. பெரிய செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். ஆனால் இறால் பண்ணையில் தண்ணீர் அடிக்கிற சக்கரம் மாதிரி சத்தம் போடும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டதால் மருமகன் அதைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து, மாமா வலை வைத்திருக்கும் அறையில் பலகை போட்டு வைத்தார். பழவேற்காட்டுக் கேபிள்காரரிடம் சொல்லி இன்டர்நெட் லைன் இழுத்தார். லைன் செலவும் கரண்ட் செலவும் தன்னுடையது என்றார்.

“இது இன்னா பண்ணும் மாப்ள?” என்று மாமா கேட்டார்.

“கணக்குப் போடும் மாமா. ராத்திரி பகல் போட்டுக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி எங்கெங்கேயோ நெறைய மிஷின் இருக்கு. எல்லாம் கூட்டு சேந்து போடும். வர்றதை அவங்கவங்க வேலைக்குத் தக்கன பிரிச்சுக் குடுப்பாங்க.”

மாமாவுக்கு அது உடனே பிடித்துப்போனது. “கூட்டா வலை வுட்டுப் பங்கு பிரிக்கிறது. அப்டி சொல்லுங்க” என்றார்.

எங்கள் பக்கம் போனில் சிக்னல் நிற்காது. ஏரிக்கரை மேட்டில் போய் நின்றால்தான் ஒரு வீடியோ ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டுக்கு லைன் வந்தால் என்ன ஆகும்? மாமா கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைக் கொடுத்தார். கேட்காதவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கொடுத்தார். வரிசையில் மற்ற ஆறு வீடும் ஒரே நேரத்தில் இறங்கியதில் யாருக்கும் எதுவும் ஓடவில்லை. உன்னால் நின்றது, என்னால் நின்றது என்று பேச்சு வளர்ந்தது. மாமா தெருவுக்கு வந்து நின்றார். ஆறு வீட்டுக்கும் ஆறு நாளைப் பிரித்தார். தன் நாள் இல்லாத வீட்டுக்காரர் போனில் வைஃபையைத் தொடக்கூடாது. பாஸ்வேர்டு எல்லோரிடமும் இருந்தது. ஆனாலும் தொடவில்லை. யாராவது பையன் தொட்டால் மாமா அந்த வீட்டு வாசலில் போய்ச் சும்மா நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த வீட்டுக்காரரே உள்ளே போய்ப் பையனை ஒரு போடு போட்டுவிட்டு வருவார்.

செவ்வாய்க்கிழமை மட்டும் யாருக்கும் கிடையாது. அது மாமாவுக்கு என்று எல்லோரும் நினைத்தோம். பட்டன் போனில் பேசுவதைத் தவிர மாமா வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கேட்கவில்லை.

எங்கள் நைனாவும் அவர் தம்பியான சித்தப்பாவும் வாசல் தனியாக இருந்தாலும் ஒரே வீட்டுக்கணக்கு. எங்கள் நாள் வெள்ளிக்கிழமை. சித்தப்பா மகன்கள் கிரிக்கெட் பார்த்து, சண்டை விளையாட்டு விளையாடி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எனக்கு. எனக்கோ கல்லூரியில் சொன்ன நெட்வொர்க் கோர்ஸை ஆன்லைனில் முடித்தாக வேண்டும். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, எல்லாவற்றுக்கும் முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மேட்டில் நின்று போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா மகள் எனக்குப் போன் செய்தாள். நான் அவளை அக்கா என்பேன்.

“ஏய், அந்த மிஷின் நின்னு நின்னு போவுதாம். அவரு போன்ல பாத்தா செவப்பா காட்டுதாம். உங்கப்பன் வூட்ல வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்னு திட்டிட்டு, மூணு வாரமா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, கொஞ்சம் பாரேன்.”

போனேன். மாமா வலை அறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் ஃபேன் இடுக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“எம் பொண்ணாண்ட பேச மாட்டேங்கறாராம்மா. இதுக்கு இன்னா ஒடம்புன்னு பாரு.”

பார்த்தேன். இன்டர்நெட் ஒயர் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. அதுதான் காரணம் என்று தீர்மானித்து, பொன்னேரியில் புது முனை வாங்கி, அதை ஒயரில் அழுத்திப் பொருத்த கல்லூரி லேபில் கேட்டு வாங்கிய கருவியோடு வந்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டு நரம்பையும் வரிசை பிசகாமல் அடுக்கி அழுத்தினேன். மிஷினில் பச்சை விளக்கு வந்தது. மாமா என் விரல்களையே பார்த்தார். “வலைக்கு முடி போடற கை” என்றார். நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். சிவப்பு.

மறுபடி போனேன். நான் பார்க்கும்போது பச்சை. மிஷினின் நெட்வொர்க் முகவரி மாறிக்கொண்டே இருக்கிறதோ என்று அதை மாறாதபடி கட்டினேன். கணக்கை வாங்கிக்கொள்கிற கூட்டு இடத்துக்கு இரண்டாவது வழி ஒன்றும் போட்டுவைத்தேன். போனேன் என்றால் பச்சை, வந்தேன் என்றால் சிவப்பு. மருமகன் அக்காவிடம், “அந்தப் பொண்ணு பாத்து இன்னா ஆவப்போவுது, ஞாயித்துக்கெழம நானே வந்து மிஷினையும் லைனையும் எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவளிடம் பேசவில்லையாம். சொல்லும்போது அக்கா அழுதாள்.

சனிக்கிழமை மதியம் கடைசி முறையாகப் பார்த்தேன். பச்சைதான். வெளியே வந்து பாதி தூரம் போனபோது கருவியை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினேன். வலை அறையில் மிஷின் கத்திக்கொண்டிருந்தது. விளக்கு சிவப்பு. மிஷினிலிருந்து கழற்றிய ஒயர் சுவரில் ஆணியில் தொங்கியது. முனையில் உப்பு ஏறாமல் இருக்க பாலிதீன் சுற்றி, நூலால் கட்டி, அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.

“இன்னா மாமா இது? யார் கழட்டனது?”

“நாந்தாம்மா.”

“எதுக்கு?”

“இன்னிக்கு அதும் பாடு இல்லியே.”

மாமா எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மிஷினுடைய நாள். நம் வரிசைக்குப் பிழைக்க வந்திருக்கிறது, அதுவும் ஒரு வீடுதான், அதற்கும் ஒரு பாடு கொடுக்க வேண்டும். மற்ற நாளில் ஒயரைச் சொருகினால் ஒருவன் பாடு நாளில் இன்னொருவன் வலை கட்டின மாதிரி ஆகிவிடும்.

“அப்ப நான் பாக்க வந்தப்பல்லாம் பச்சையா எரிஞ்சிதே?”

“நீ வேலைக்கு வர்றியே. அன்னன்னிக்குப் பாடு யாருதோ அவங்களாண்ட கேட்டுக்கினு சொருகுவேன். நீ போனதும் எடுத்துடுவேன். பேச்சு மாறக்கூடாது இல்ல?”

மருமகன் போனில் எத்தனையோ கேட்டிருக்கிறார். கரண்ட் இருக்கிறதா, இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறதா, சுற்றுகிறது. மாமா எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஒயரைக் கழற்றினீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“தெனம் கத்திக்கினுதானே கீது” என்றார் மாமா. “கணக்கு போட்டு வெச்சிக்கட்டும், செவ்வாக்கெழம மொத்தமா குடுத்துடட்டும்னு வுட்டேன்.”

“அந்தக் கணக்கு மீன் மாதிரி மாமா. புடிச்ச ஒடனே கரைக்கு வரணும். செவ்வாக்கெழம வரைக்கும் வெச்சிருந்தா நாறிப்போயிடும். யாரும் வாங்க மாட்டாங்க.”

மாமா முகம் அப்படியே இறங்கிவிட்டது. பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“அப்ப எம் பொண்ணு வூட்ல சண்ட மூட்டினது நாந்தானா?”

அவர் ஆணியில் தொங்கிய ஒயரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சொருகவில்லை. தெருப் பக்கம் பார்த்தார். சனிக்கிழமை வீட்டுக்காரர்கள் படம் பார்க்கும் சத்தம் கேட்டது.

“ஆறு வூட்டுக்காரங்களாண்ட போய் ஒங்க நாளக் குடுங்கன்னு எப்டிக் கேப்பேன்? குடுத்தது நானு. மாப்ளைய எடுத்துனு போவச் சொல்லிடலாம்னா லைனும் பூடும். எம் பொண்ணு ஆயுசுக்கும் பேச்சு வாங்குவா.” ஒயரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

அவரிடம் வேகம், அளவு என்றெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், அந்த மிஷின் பெருந்தீனிக்காரன் இல்லை. ஒரு படம் இழுப்பதில் தூசி அளவுகூட அதற்கு வேண்டாம். அறுபடாமல் இருந்தால் போதும். அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றபோது, ஏரியிலிருந்து வலை வந்ததும் பங்கு பிரிப்பதற்கு முன்னால் கோயிலுக்கென்று ஒரு கை அள்ளித் தனியாக வைப்பார்களே, அது ஞாபகம் வந்தது. சாமிக்குத் தனியாகப் பாடு கிடையாது. யார் பாடானாலும் சாமிக்கு ஒரு கை உண்டு.

“மாமா, மிஷினுக்குப் பாடே வேணாம். சாமிப் பங்கு மாதிரி வெச்சிடுவோம். யார் நாளா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு கை மொதல்லயே ஒதுக்கிடறது. மீதி எல்லாம் அன்னிக்குப் பாடு உள்ளவங்களுக்கு.”

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒரு கை போதுமா அதுக்கு?”

“அதுலயும் பாதி மிஞ்சும்.”

“அப்ப யாராண்டயும் கேக்க வேணாம்” என்றார். “சாமிக்கு எடுக்கறதுக்கு யாரக் கேக்கறோம்.” ஒயரை என்னிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் காலி அட்டைப்பெட்டியோடு வந்தார். அக்கா பின்னால் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா நேராகப் போய், “மாப்ள, தப்பு மிஷின் மேல இல்ல. பாடு இல்லாத நாள்ல நாந்தான் ஒயரக் கழட்டி வெச்சேன்” என்றார்.

மருமகன் பெட்டியைக் கீழே வைத்தார். “மிஷினுக்கு லீவு வுட்டீங்களா மாமா?”

“ஆமாங்க மாப்ள.”

அவருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம்தான் ஜெயிக்கும் போல இருந்தது. “ஒரு சாயந்தரம் வரைக்கும் பாருங்கண்ணா. அப்புறம் எடுத்துனு போங்க” என்றேன். வைஃபை கொடுக்கும் ரௌட்டரின் செட்டிங்குக்குள் போய் மிஷினுக்கென்று ஒரு சின்னப் பங்கை யாரும் தொடாதபடி ஒதுக்கினேன். ஆறு வீட்டுப் போன்களையும் அவரவர் நாளுக்கு நேரே போட்டேன்; நாள் இல்லாத போனுக்கு லைன் போகாது. இனிமேல் மாமா யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். மருமகன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “இது எங்க கத்துக்கிட்ட?” என்றார். “மேட்டுல நின்னு” என்றேன்.

அன்று பாடு உள்ள வீட்டில் படம் போட்டார்கள். பிள்ளைகள் வேறு இரண்டு போனில் இறங்கினார்கள். மாமா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். மருமகன் இலையில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாகச் சாப்பிட்டார். அக்கா சாப்பிடவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தது. படம் முடிந்து அடுத்த படமும் போட்டார்கள். பச்சை, பச்சையாகவே இருந்தது.

மருமகன் போனைச் சட்டைப்பையில் போட்டார். அக்கா பக்கம் திரும்பி, “நீ இன்னும் சாப்புடலியா?” என்றார்.

மாமா அந்தக் காலி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது பெட்டியைப் பிரித்துத் தட்டையாக மடித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

மிஷினுக்குப் பாடு இல்லை என்று ஆனதால் செவ்வாய்க்கிழமை காலியானது. அடுத்த நாள் காலையில் மாமா வரிசையில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, இத்தனை நாள் மிஷினுக்கு இருந்த செவ்வாய்க்கிழமை இனிமேல் இவளுடைய பாடு என்று என்னைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு இல்லை, எனக்கு. அப்போதுதான் சித்தப்பா நான் முதலில் எழுதியதைக் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். நைனா தரையைப் பார்த்தார்.

மாமா குரலை உயர்த்தவில்லை. “இத்தினி நாளு மிஷினுக்கு ஒரு பாடு இருந்திச்சு. அதுக்கு ஏதுன்னு நீ கேக்கலியேப்பா” என்றார்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக நான் அந்தக் கோர்ஸை முடித்தேன். மாமா வீட்டு வாசல்படிதான் என் வகுப்பு. மிஷின் சத்தத்தில் பாடம் காதில் விழாது என்று மாமா வலை அறைக் கதவில் பழைய வலையை மடித்து மடித்து அடைத்து வைப்பார். இப்போது எனக்குப் பொன்னேரியில் வேலை. லைன் நின்றுபோனவர்கள் கூப்பிடுவார்கள், நான் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். மற்றவர்கள் கரண்ட் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று தொடங்குவார்கள். நான், “அந்த ஒயர யாராவது கழட்டுவாங்களா? எதுக்காகக் கழட்டுவாங்க?” என்று தொடங்குவேன். எங்கள் மேலதிகாரி முதலில் முறைத்தார். இப்போது எல்லோரையும் அப்படியே கேட்கச் சொல்கிறார்.

மிஷின் இப்போது இல்லை. ஒரு கட்டத்தில் மருமகனுக்கு அது கட்டுப்படியாகாமல் விற்றுவிட்டார். மாமாவுக்கு முட்டி வலி அதிகமாகி அக்கா சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே ஃப்ளாட்டில் வண்டி நிறுத்தும் இடத்தில் நிழல் விழுகிற மூலைக்கு முறை வைக்கப் பார்க்கிறாராம். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களாம், மூன்றாவது ஆளிடம் பேச்சு நடக்கிறதாம். “இவரு அடங்கவே மாட்டார்டி” என்று அக்கா போனில் சொல்லும்போது பின்னால் மருமகன் சிரிப்பது கேட்டது.

போன வாரம் அக்கா இன்னொன்றும் சொன்னாள். மிஷினும் இல்லை, மாமாவும் இல்லை, லைனை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவதாக மருமகன் சொல்கிறாராம். நான் அன்றைக்கே பழவேற்காட்டுக்குப் போனேன். கேபிள்காரர், “வூட்ல ஆம்பள பேரு சொல்லும்மா” என்றார். என் பேரைச் சொன்னேன். ரௌட்டர் மாமா வீட்டிலேயே இருக்கட்டும், அங்கிருந்துதான் ஆறு வீட்டுக்கும் எட்டும் என்றும் சொன்னேன். சாவி என்னிடம் இருக்கிறது.

லைனே என் பேரில் வந்த பிறகு எனக்கு எதற்குத் தனியாக ஒரு நாள்? சித்தப்பாவுக்கு இரண்டு மகன்களுக்குப் பிறகு ஒரு மகள். ஒன்பதாவது படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மேட்டில் நின்றுகொண்டிருக்கிறாள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் மாமா வீட்டைத் திறந்து, செவ்வாய்க்கிழமைக்கு நேரே இருந்த என் போனை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டேன். பிறகு சித்தப்பா வாசலுக்குப் போய், அவர் வெளியே வரும் வரைக்கும் சும்மா நின்றேன்.